கருப்புக் கோடுகளைத் தேடுங்கள்

ஒளி ஓர் அலை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டால் போதும்: வண்ணங்களில் மயங்கி நிற்காமல், அவற்றின் நடுவே கிடக்கும் கருமையைத் தேட வேண்டும். வெளிச்சத்தோடு வெளிச்சம் சேர்ந்தால் வெளிச்சம்தானே கூட வேண்டும்? சில இடங்களில் இருட்டு வருகிறது. ஓர் அலையின் முகடும் இன்னோர் அலையின் அகடும் ஒரே புள்ளிக்கு வந்து சேரும்போது, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அலையைத் தவிர வேறெதனாலும் இப்படிச் செய்ய முடியாது.

கையிலிருந்தே தொடங்கலாம். பகல் வானத்தைப் பார்த்து (சூரியன் பக்கம் கூடவே கூடாது) இரண்டு விரல்களை ஒரு கண்ணுக்கு மிக அருகில் வைத்து, இடைவெளியை மெல்லக் குறுக்குங்கள். மூடப்போகும் தறுவாயில், அந்த இடுக்கில் விரலுக்கு இணையாக மெல்லிய கருங்கோடுகள் தெரியும். குறுகிய இடுக்கில் நுழையும் ஒளி, விளிம்பில் வளைந்து விரிவதால் வந்தவை அவை. இதுதான் விளிம்பு விளைவு.

அடுத்தது, என் கணக்கில் எல்லாவற்றிலும் அழகானது. ஒரு வளையலைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துச் செங்குத்தாகப் பிடியுங்கள். பின்னால் கருப்புத் துணி இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சம் படலத்தில் பட்டு உங்கள் கண்ணுக்குத் திரும்பட்டும். தண்ணீர் வடிய வடிய, வண்ணப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கும். படலத்தின் முன்பக்கத்தில் பட்டுத் திரும்பும் அலையும், உள்ளே போய்ப் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பும் அலையும் சந்திக்கின்றன. இது குறுக்கீட்டு விளைவு. அந்தத் தடிமனில் எந்த நிறம் அழிகிறதோ, அது போக மிஞ்சியதே நாம் காணும் வண்ணம்.

பொறுத்திருங்கள். உச்சியில் ஒரு கருப்புத் திட்டு தோன்றும். ஓட்டை விழுந்துவிட்டதோ என்று நினைப்போம். படலம் அங்கேயும் இருக்கிறது. ஒளியின் அலைநீளம் சிவப்புக்குச் சுமார் 700, ஊதாவுக்குச் சுமார் 400 நானோமீட்டர். படலம் இப்போது அதைவிடப் பன்மடங்கு மெலிந்துவிட்டது. முன்பக்கத்து அலை தலைகீழாகப் புரண்டு திரும்புகிறது, பின்பக்கத்து அலை புரள்வதில்லை. நடுவே தூரம் என்று சொல்ல ஏதுமில்லாததால் எல்லா நிறங்களும் ஒருசேர அழிகின்றன. சற்று நேரத்தில் படலம் உடைந்துவிடும். அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கருமையை வைத்துத்தான் லண்டன் மருத்துவர் தாமஸ் யங் 1803-ல் வாதாடினார். ஜன்னல் மறைப்பில் இட்ட ஊசித்துளை வழியே சூரிய ஒளியை வரவிட்டு, அதன் குறுக்கே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள அட்டைத் துண்டைப் பிடித்தார். அட்டையின் நிழலுக்குள்ளேயே வெளிச்சமும் இருளுமாகக் கோடுகள் விழுந்தன. பிறகு அட்டையின் ஒரு பக்கத்து ஒளியை மட்டும் மறைத்தார். மறுபக்கத்து ஒளி வந்துகொண்டேயிருந்தும், நிழலுக்குள் இருந்த கோடுகள் அத்தனையும் மறைந்தன. கோடுகள் உண்டாக இரண்டு பக்கத்து ஒளியும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியிலும் இப்படி ஒரு கண் இருந்தது. மாணவராயிருந்த சி. வி. ராமன், முப்பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியில், இருபுறமும் சமமில்லாத விளிம்பு விளைவுப் பட்டைகளைக் கவனித்தார். அதுவே 1906-ல் ‘ஃபிலசாஃபிக்கல் மேகஸின்’ இதழில் அவரது முதல் கட்டுரையாக வந்தது. அப்போது அவருக்கு வயது 18.

பழைய சிடியின் வானவில்லும், மெல்லிய மேகத்தின் ஊடே நிலவை ஒட்டித் தெரியும் வண்ண வளையமும் இதே குடும்பம்தான். இரவில் தூரத்துத் தெருவிளக்கை ஒரு மெல்லிய பட்டுத் துணி வழியே பாருங்கள். ஒளிப்புள்ளிகள் சிலுவையாக விரியும். துணியைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அந்தக் கோலம் அசையாது; திருப்பினால் கூடவே திரும்பும்.

இனி அளந்தும் பார்க்கலாம். சிவப்பு லேசர் பாயின்டரின் (யார் கண்ணிலும் படக்கூடாது) வாயில் ஒரு தலைமுடியைக் குறுக்கே ஒட்டி, 2 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் அடியுங்கள். ஒளிக்கீற்றில் வரிசையாகக் கருப்பு இடைவெளிகள் விழும். ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லேசரின் அலைநீளமான 650 நானோமீட்டரைச் சுவரின் தூரத்தால் பெருக்கி, அந்த 2 சென்டிமீட்டரால் வகுத்தால், முடியின் தடிமன் 0.065 மில்லிமீட்டர்.