பானுமதி என்றொரு பெயர்

2020 ஜூலை. ஊரடங்கில் கல்லூரி பூட்டிக் கிடந்தது. புவனகிரி வீட்டில் இருந்தபடியே கைபேசியில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்திக்கொண்டிருந்தேன். நீ யார் என்று பாண்டியன் கேட்டதும் கண்ணகி சொல்லும் விடையை வரிசைப்படுத்தும்படி மாணவிகளிடம் சொன்னேன். முதலில் ஊர்ப்பெருமை, அந்த ஊரை ஆண்ட சோழர்கள். பிறகு மாமனார் பெயர், கணவன் பெயர், அவன் கொலைப்பட்ட செய்தி. அத்தனையும் சொல்லி முடித்த பிறகுதான் கண்ணகி என்ற தன் பெயர் வருகிறது. நீதி கேட்டு அவைக்கு வந்தவளின் பெயர் அங்கே கடைசியில் நிற்கிறது.

அந்த வாரம்தான் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆர். பானுமதிக்குக் காணொளி வழியாகப் பிரிவு விழா நடந்தது. அவர் பேசியதில் ஒரு செய்தி என்னை விடவில்லை. அவருக்கு இரண்டு வயதாக இருந்தபோது தந்தை பேருந்து விபத்தில் இறந்துபோனார். தாய் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். தீர்ப்பும் ஆனது. ஆனால் நடைமுறைச் சிக்கல்களாலும் உதவ ஆள் இல்லாததாலும் பணம் கைக்கு வரவில்லை. கைம்பெண்ணான தாயும் மூன்று பெண் பிள்ளைகளும் நீதிமன்றத் தாமதத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்று அவர் சொன்னார். நீதித்துறையில் முப்பதாண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு விடைபெறும் நாளில், தான் முதலில் வழக்காடிய வீட்டுப் பெண் என்று நினைவூட்டிக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

1955-ல் ஊத்தங்கரையில் பிறந்தவர். 1988-ல் நேரடித் தேர்வில் மாவட்ட நீதிபதி, 2003-ல் சென்னை உயர் நீதிமன்றம், 2013-ல் ஜார்க்கண்ட் தலைமை நீதிபதி, 2014 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம். அங்கே நீதிபதியான ஆறாவது பெண் அவர். 2019 நவம்பரில், நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியத்தில் இடம்பெற்றார். 2006-ல் ரூமா பால் ஓய்வுபெற்ற பிறகு பதின்மூன்று ஆண்டுகளாக அந்த ஐந்து நாற்காலிகளில் ஒரு பெண்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

இனி, பெயர். தமிழ்க் காதுக்குப் பானுமதி என்றால் பானுவும் மதியும், அதாவது சூரியனும் சந்திரனும். வகுப்பில் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான் பொருள் சொல்வார்கள். உண்மையில் அந்த 'மதி' நிலவும் இல்லை, அறிவும் இல்லை. உடையவள் என்று பொருள் தரும் வடமொழிப் பெண்பால் விகுதி. கதிர்களை உடையவள், ஒளியுடையவள் என்பதே பெயரின் பொருள். இந்துமதியும் வசுமதியும் இதே அச்சில் வார்த்தவை. ஆனாலும் தவறான பொருளில் ஒரு பெயரை நேசிப்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது என்பது என் கட்சி.

1950-களில் 'மலைக்கள்ளன்', 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படங்களில் நடித்த பி. பானுமதியால் இந்தப் பெயர் வீடுவீடாகத் தெரிந்திருந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே அது துரியோதனன் மனைவியின் பெயர். பட்ட நாராயணரின் 'வேணிசம்ஹாரம்' என்னும் வடமொழி நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில், நகுலம் ஒன்று நூறு பாம்புகளைக் கொல்வதாகத் தான் கண்ட கனவைப் பானுமதி தோழிகளிடம் சொல்கிறாள். நகுலம் என்றால் கீரி. மறைந்திருந்து கேட்கும் துரியோதனன் அதைப் பாண்டவன் நகுலன் என்று எடுத்துக்கொண்டு மனைவியின் கற்பைச் சந்தேகிக்கிறான். தமிழில் நாம் அறிந்த கதை வேறு. கர்ணனோடு ஆடிக்கொண்டிருந்தவள் கணவன் வருவதைக் கண்டு எழ, கர்ணன் அறியாமல் இழுக்க, மேகலை அறுந்து மணிகள் சிதறுகின்றன. துரியோதனன் சந்தேகப்படவில்லை. மணிகளைப் பொறுக்கித் தரவா, கோத்துத் தரவா என்று கேட்கிறான். வில்லிபாரதத்தில் இதைக் கர்ணன் தன் செஞ்சோற்றுக் கடனுக்குச் சான்றாகக் குந்தியிடம் சொல்கிறான். 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தில் சாவித்திரி பானுமதியாக நடித்தார். ஒரு கதையில் அவள் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள், மறு கதையில் விடுதலையாகிறாள். இரண்டிலும் தீர்ப்புச் சொல்பவன் கணவன். அறுந்த மேகலையோடு நின்ற நேரத்தில் அவள் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் துரியோதனன் மனைவிக்குப் பெருந்திருவாள் என்று பெயர். அவள் களத்தில் வந்து வாய்விட்டு அழுவாள், பேசுவாள். பேச்சு கிடைத்தபோது பெயர் மாறிவிட்டது.

இந்தப் பெயரோடு ஒரு பெண் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்தபோது என்ன நடந்தது? அவர் எழுதிய இரண்டு தீர்ப்புகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது 1997 ஆகஸ்டில், புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றத்தில். பிரேமானந்தா என்ற சாமியார் விராலிமலைப் பக்கம் நடத்திய ஆசிரமத்தில் பதின்மூன்று பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்ட வழக்கு, கூடவே ஒரு கொலை. அவர்களில் பலர் ஈழத்திலிருந்து வந்தவர்கள், வேறு போக்கிடம் இல்லாதவர்கள். ஒரு பெண் தப்பித்து வெளியே வந்ததால்தான் 1994-ல் விஷயம் வெளிப்பட்டது. கலைக்கப்பட்ட கருவின் மரபணுச் சோதனை ஐதராபாத்தில் நடந்து சாட்சியமானது. நீதிபதி பானுமதி இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். உயர் நீதிமன்றமும் 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. அன்பின் ஆனந்தம் என்று பொருள்படும் அந்தத் துறவுப் பெயர் இன்றும் எல்லாருக்கும் தெரியும். சாட்சி சொன்ன பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

தமிழ்நாட்டில் அவர் பெயர் அதிகம் அடிபட்டது இதற்காக அல்ல. 2006-ல் மதுரைக் கிளையில் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தவர் என்பதற்காகத்தான். காளை நினைவில் நின்ற அளவுக்கு அந்தப் பதின்மூன்று பேர் நிற்கவில்லை.

இரண்டாவது, 2017 மே 5 அன்று வந்த தில்லி வழக்கின் தீர்ப்பு. தீபக் மிஸ்ரா எழுதிய தீர்ப்போடு உடன்பட்டு, பானுமதி தனியாகவும் ஒன்று எழுதினார். 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் சிதைக்கப்பட்ட மாணவிக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர்கள் பல: நிர்பயா, தாமினி, அமானத். அச்சமற்றவள், மின்னல், பத்திரமாகக் காக்கும்படி ஒப்படைக்கப்பட்ட பொருள். மூன்றிலும் நிர்பயா நின்றது. ஏனென்றால் நமக்கு வீராங்கனை வேண்டியிருந்தது. அன்று அவர் அஞ்சியிருந்தால் நம் மெழுகுவத்திகள் அணைந்துபோயிருக்குமா? தீர்ப்பு இந்தப் பெயர்களைத் தள்ளிவிட்டு நீதிமன்ற வழக்கப்படி 'பிராசிகியூட்ரிக்ஸ்' என்கிறது. குற்றம் சாட்டுபவள் என்ற பொருளும் ஒலிக்கும் சொல் அது. அடிபட்டவளைக்கூட வழக்குத் தொடுத்தவளாகத்தான் அந்த மொழியால் அழைக்க முடிகிறது.

அந்த மாணவி மூன்று மரண வாக்குமூலங்கள் தந்தார். மூன்றாவது வாக்குமூலம் தரும்போது பேச முடியவில்லை. சைகையாலும் எழுத்தாலும் நீதித்துறை நடுவருக்குப் பதில் சொன்னார். அப்போது குற்றவாளிகளின் பெயர்களைத் தன் கையாலேயே எழுதினார். எதிர்த்தரப்பு அதைச் சந்தேகித்தது, பெயர்கள் ஏற்கெனவே செய்திகளில் வந்துவிட்டன என்றது. மூன்று வாக்குமூலங்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, நம்பத்தக்கவை என்று பானுமதி ஏற்றுக்கொண்டார். என் வாசிப்பில் அவருடைய தீர்ப்பின் முதுகெலும்பு இந்த இடம்தான். கனவு கண்டதற்கே பெண் நம்பப்படாத நாடகத்தின் பெயரைத் தாங்கியவர், பேச்சிழந்த பெண்ணின் எழுத்தை நம்பினார்.

ஆனால் தீர்ப்பின் இறுதிப் பக்கங்கள் எனக்கு ஏமாற்றம். விவேகானந்தர் வருகிறார், பெண்ணை மதிக்கும் பண்பாடு வருகிறது, பள்ளிப் பாடத்தில் பாலினக் கல்வி வேண்டும் என்பது வருகிறது. கடைசியாகச் சொன்னது அவசியமானதே. ஆனாலும் எழுதிய கை மறைந்து 'பெண்மை' என்ற பொதுப்பெயர் வந்து உட்கார்ந்துவிடுகிறது. தூக்குத் தண்டனையில் நான் அவரோடு உடன்படவில்லை. வன்புணர்வுக்கு மரண தண்டனை வேண்டாம் என்று 2013-ல் வர்மா குழு சொன்னது. பெண்கள் அமைப்புகள் பலவும் அதையே சொன்னன. அந்தக் குழுவில் இருந்த லீலா சேத், இந்தியாவின் உயர் நீதிமன்றமொன்றின் முதல் பெண் தலைமை நீதிபதி, இந்தத் தீர்ப்பு வந்த அதே நாளில் காலமானார். 2020 மார்ச் 20 விடியுமுன் கடைசி மனுவை விசாரித்துத் தள்ளிய அமர்வுக்கும் பானுமதிதான் தலைமை வகித்தார். இரண்டு தீர்ப்புகளில் எதை மாணவிகளுக்குக் கொடுப்பாய் என்றால் புதுக்கோட்டையைத்தான் கொடுப்பேன். அங்கே பெண்கள் உயிரோடு வந்து நின்று பேசினார்கள், ஒரு நீதிபதி நேருக்கு நேர் கேட்டார்.

பெயரை மறைக்கும் சட்டத்துக்கு வருகிறேன். மதுரா வழக்கின் 1978 தீர்ப்பை எதிர்த்து எழுந்த போராட்டத்தின் விளைவாக 1983-ல் வந்த திருத்தம், பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கியது. இது நம் பெண்கள் வாங்கித் தந்த பாதுகாப்பு. 1992-ல் எங்களுக்குப் பக்கத்தில், அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில், கணவன் செத்துப்போக மனைவி சீரழிக்கப்பட்ட வழக்கை இன்றும் இந்த வட்டாரம் அந்தப் பெண்ணின் பெயரால்தான் சொல்கிறது. காவலர்களின் பெயர் ஒன்றைச் சொல்லுங்கள் என்று சிதம்பரத்தில் யாரிடம் கேட்டாலும் தலையைச் சொறிவார்கள். அதனால் சட்டம் வேண்டும் என்கிறேன். ஆனால் 2015-ல் தில்லி மாணவியின் தாய் மேடையில் நின்று மகளின் பெயரைச் சொன்னார், வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் அல்ல என்றார். அதைக் கேட்டபோது என் நிலைப்பாடு ஆடிப்போனது. அந்த வழக்கில் சட்டம் மறைத்த பெயர்கள் இரண்டு: அவருடையது ஒன்று, பதினெட்டு வயது நிரம்பாத குற்றவாளியுடையது மற்றொன்று. ஒரே திரையின் பின்னால் இருவரையும் நிறுத்தியிருக்கிறோம்.

என் பட்டச் சான்றிதழில் தந்தையின் எழுத்து, குடும்ப அட்டையில் கணவரின் எழுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதைச் சொன்னபோது வகுப்பு சிரித்தது. பிறகு ஒரு மாணவி, வெள்ளாற்றுக்கு அக்கரையிலிருந்து வருபவள், கேட்டாள்: "அம்மா, அந்தக் காகிதத்துல எல்லார் பேரையும் எழுதினாங்களே, கீழ அவங்க கையெழுத்துப் போட்டிருப்பாங்கதானே? அப்ப அவங்க பேரும் அதுல இருக்கும்ல?"