குளக்கரை உலா

நகரவாசிகள் மாலை உலாவுக்கென்று வேலியிட்டு, புல் வளர்த்து, நடுவே ஒரு செயற்கைத் தடாகத்தையும் நிர்மாணித்துப் பூங்கா என்று பெயர் சூட்டி மகிழ்வார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள மார்க்கையன்கோட்டை வட்டாரத்து விவசாயிக்கோ, முன்னோர் பாசனத்துக்காக வெட்டிவைத்த குளத்தின் கரையே கட்டணமும் காவலாளியும் இல்லாத உத்தியானமாக வாய்த்திருக்கிறது.

மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடிய பெரியாற்று நீர், பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டபின், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திரும்பி, கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லுக்கும் தென்னைக்கும் வாழைக்கும் ஜீவாதாரமாயிற்று. அந்தப் பசுமையின் நடுவேதான் இந்த உலா.

கரைமீது சாவதானமாக நடப்பவன் முதலில் நிற்க வேண்டிய இடம் மடை. உள்ளே சலனமற்றுக் கிடக்கும் நீர், பலகையைச் சிறிது உயர்த்தியதும், மறுபுறத்தில் சுழித்து நுரைத்து, சேற்று வாசனையோடு வாய்க்காலில் பாய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சற்றுத் தள்ளி, முக்குளிப்பான் ஒன்று சட்டென்று மூழ்கும். இன்ன இடத்தில்தான் எழும் என்று நாம் ஊகித்திருக்க, அது வேறெங்கோ தலை நீட்டி நம் சாமர்த்தியத்தைப் பரிகசிக்கும். கோடியில், மிகுநீரை வெளியேற்றிக் கரையைக் காக்கும் கலுங்கின் கற்கள், உட்கார்ந்து பேசுவோருக்கு ஆசனமாகவும் உதவும்.

அழகுக்கென்றே அமைத்தவை பராமரிப்பாரின்றிச் சீரழிவதுண்டு. இங்கோ பயனே அழகைக் காக்கிறது. ஆகையால் இக்கரையை ரசிக்க வருவோர், தூர் வாரும் நாளிலும் ஒருமுறை வந்து கைகொடுத்தால், அந்த ரசனை பூரணமாகும்.