கடலைத் தண்ணீரில் மெரிங்

சுண்டலுக்கு வெள்ளைக் கொண்டைக்கடலை வேகவைத்தால் மிஞ்சும் கொழகொழத் தண்ணீரை ரசத்தில் சேர்ப்போம், இல்லையென்றால் கொட்டிவிடுவோம். முட்டை வெள்ளைக்கருவுக்குப் பதிலாக அதை நுரைக்கலாம் என்று 2014-இல் எழுதியவர் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர். அடுத்த ஆண்டே அமெரிக்கர் கூஸ் வோல்ட், அந்தத் தண்ணீரும் சர்க்கரையும் மட்டும் வைத்து மெரிங் என்ற நுரை இனிப்பைச் செய்து காட்டினார்.

கடலையிலிருந்து கசிந்த புரதமும் மாவுச்சத்தும்தான் காற்றைப் பிடித்துவைக்கின்றன. ஆறவைத்த தண்ணீரை பீட்டரால் அடித்தால் முதலில் சோப்பு நுரை மாதிரி பொங்கும். சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடப் போட வெளுத்து, பளபளத்து, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கும். அந்த நுரை 100 டிகிரி செல்சியஸ் அவனில் ஒன்றரை மணி நேரமாவது காயவேண்டும். கடித்ததும் நொறுங்கி நாக்கில் கரைகிறது; கடலை வாசம் துளியும் தெரிவதில்லை. முட்டையும் பாலும் சேராத இனிப்பு சுவையில் ஒரு படி கீழே என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் கொடுப்பேன்.

முட்டை இல்லை என்பதற்காக இது பத்தியச் சாப்பாடு ஆகிவிடாது, சர்க்கரை சர்க்கரைதான். கடலையை ஒரு கிண்ணம் சுண்டலாகச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் இரண்டு மெரிங் எடுத்துக்கொள்ளுங்கள். வேகவைக்கும்போது உப்பு மட்டும் போடாதீர்கள். தண்ணீர் நீர்த்திருந்தால் கொதிக்கவைத்துச் சுண்டவிடுங்கள்.