அப்பா வெட்டிய கூரை

1949 முதல் 1951 வரை அமெரிக்காவில் வந்த மெர்குரி காரைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். நேரில் வாய்க்காவிட்டால் நல்ல படம் ஒன்றும் போதும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் மெர்குரி கனத்த உடம்புக்காரர் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலிருக்கும். கூரை உயரமாக, உருண்டையாக இருக்கும். பிறகு அதே காரைப் பட்டறையில் கொடுத்து மாற்றிய ‘கஸ்டம்’ மெர்குரியைப் பாருங்கள். கண்ணாடிகள் குறுகியிருக்கும். கூரை தாழ்ந்து, பின்பக்கம் ஒரே வழுக்கலாக டிக்கி வரை இறங்கியிருக்கும். கார் நின்றுகொண்டிருந்தாலும் கிளம்பிவிட்டது போலத் தோன்றும்.

இந்தக் கூரை வெட்டுக்கு அங்குள்ள பட்டறைகளில் ‘சாப்’ என்று பெயர். சொல்வது சுலபம். கூரையைத் தாங்கும் தூண்கள் நேராக நிற்பவை அல்ல. மேலே போகப் போக உள்பக்கம் சாய்பவை. நடுவில் நான்கு அங்குலம் எடுத்துவிட்டால் மேல் துண்டும் கீழ்த் துண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. கூரைத் தகட்டை அறுத்து நீட்ட வேண்டும், அல்லது தூண்களைச் சாய்க்க வேண்டும், பிறகு கண்ணாடியையும் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே அளவு வெட்டினால் பின்னால் திமில் மாதிரி மேடு தங்கிவிடும். ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் சகோதரர்களின் லாஸ் ஏஞ்சலஸ் பட்டறை 1952இல் பாப் ஹிரோஹாட்டா என்ற இளைஞரின் 1951 மெர்குரிக்கு முன்னால் 4 அங்குலமும் பின்னால் 7 அங்குலமும் குறைத்தது. அந்த மூன்று அங்குல வித்தியாசத்தில்தான் காரின் அழகு முழுவதும் இருக்கிறது. ரசிப்பதை அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்து வெளிச்சம். காரின் நீள வாக்கில் டியூப் லைட் எரிகிறதென்றால், தகட்டில் விழும் அதன் பிரதிபலிப்பின் மேல் கண்ணை வைத்து மெதுவாக நடந்து பாருங்கள். முன் மட்கார்டிலிருந்து கதவு வழியாகப் பின்னால் போகும்வரை அந்தக் கோடு நெளியாமல் ஓடினால், வேலை செய்தவன் கைதேர்ந்தவன். எங்காவது நடுங்கினால் அங்கே ஒட்டு இருக்கிறது. நம் ஊர் டிங்கரிங் ஷெட்டில் பட்டி பார்ப்பது போல, அந்தக் காலத்தில் அங்கே ஈயம் பார்த்தார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த கட்டியை நெருப்பில் இளக்கி, மெழுகோ கொழுப்போ தடவிய மரப்பட்டையால் ஒட்டின் மேல் வெண்ணெய் போலத் தடவுவார்கள். ஆறியதும் அரத்தால் ராவி மட்டம் செய்வார்கள். இப்படி ஈயம் ஏறிக் கனத்த கார்களுக்கு ‘லெட் ஸ்லெட்’, அதாவது ஈயச் சறுக்குவண்டி என்றே பட்டப்பெயர் உண்டு. சொந்தக்காரர் சம்மதித்தால் மோதிரத்தைக் கழற்றிவிட்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தெரியும்.

இப்படி ஒரு கார் அப்பாவிடமிருந்து மகனுக்கோ பாட்டனிடமிருந்து பேத்திக்கோ வந்து சேரும்போதுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. மாற்றலாமா, அப்படியே விடலாமா? சாதாரணப் பழைய காரென்றால் ‘ஒரிஜினலாக வை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். இதில் ஒரிஜினல் எது? தொழிற்சாலை கொடுத்ததை அப்பாவே அறுத்துப் போட்டுவிட்டார். மாற்றுவதில் பிறந்த காரை மாற்றாதே என்று எந்த வாயால் சொல்வது?

ஹிரோஹாட்டாவின் மெர்குரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952 கடைசியில் கண்காட்சிக்கு வந்தபோது இளம்பச்சையும் கரும்பச்சையுமாக இரண்டு நிறம். அடுத்த வருடமே அவர் அதில் கேடிலாக் இன்ஜினைப் பொருத்தி, நாட்டின் குறுக்கே ஓட்டிக்கொண்டு போனார். 1955இல் ‘ரன்னிங் வைல்ட்’ என்ற சினிமாவுக்காக நிறம் பொன்பச்சையாக மாறியது. 1959இல் ஜிம் மெக்நீல் என்ற பள்ளி மாணவர் பழைய கார் வியாபாரியிடம் 500 டாலருக்கு வாங்கினார். சில வருடம் ஓட்டினார், பிறகு பல வருடம் கொட்டகையில் போட்டு வைத்தார். 1980களின் கடைசியில் அதைத் திருப்பி எடுத்துச் சீர்செய்யத் தொடங்கியபோது, அவர் முன்னால் மூன்று நான்கு கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன என்றே சொல்ல வேண்டும். அவர் தேர்ந்தெடுத்தது முதலில் இருந்த இரட்டைப் பச்சையை. பாரிஸ் பட்டறையின் வாசலைத் தாண்டியபோது இருந்த தோற்றம் எதுவோ அதுவே மெய்யான தோற்றம் என்று முடிவு செய்தார். 2018இல் அவர் இறக்கும்வரை கார் அவரிடமே இருந்தது. 2022 ஜனவரியில் ஏலத்தில் 21 லட்சம் டாலருக்கு மேல் போனது. விலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, ஒருவர் கிட்டத்தட்ட அறுபது வருடம் இன்னொருவரின் ரசனைக்குக் காவலிருந்தது.

என் கட்சி இது: கை தெரிகிற இடத்தில் கை வைக்கக் கூடாது. கை தெரியாத இடத்தில் தாராளமாக வைக்கலாம். 1951 மெர்குரியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், 6 வோல்ட் மின்சாரம், சீட் பெல்ட் கிடையாது. இவை எதையும் அப்பா யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை, காரோடு வந்தவை. இன்றைய நெடுஞ்சாலையில் பிள்ளைகுட்டிகளோடு ஓட்டப் போகிறவர் டிஸ்க் பிரேக் போட்டால் அப்பாவின் வேலைக்கு ஒரு குறையும் வராது. கழற்றிய சாமான்களைப் பெயரெழுதிப் பெட்டியில் வைத்துவிட்டால் போதும். ஆனால் அப்பா வெட்டிய கூரை, அவர் தேடிப்பிடித்துப் பொருத்திய வேறொரு காரின் குரோம் பட்டை, டேஷ்போர்டில் மெல்லிய தூரிகையால் இழுக்க வைத்த கோலக்கோடு, இவை வேறு. கூரை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இருக்கட்டும். அந்தக் கோணலைத் திருத்தினால் கார் அழகாகலாம். அப்பா அதில் இருக்க மாட்டார்.

நம் ஊரில் இந்தக் கேள்வி இத்தனை தூரம் போகாது. பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 50 வயதான கார்களுக்கான 2021ஆம் வருட விண்டேஜ் பதிவு விதிகளும் பழைய வடிவம் கெடாமல் இருப்பதையே கேட்கின்றன. தாத்தாவின் அம்பாசடர் வீட்டில் நிற்பவர்களுக்குச் சட்டமே பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது.

அமெரிக்காவில் சட்டம் வேறு விதமாக விளையாடியது. சக்கர வளையத்தின் அடிவிளிம்பைவிடக் காரின் எந்தப் பாகமும் கீழே தொங்கக் கூடாது என்று கலிபோர்னியா 1958இல் தடை போட்டது. அடுத்த வருடமே ரான் அகிர்ரே என்பவர் தன் காரில் ஹைட்ராலிக் பம்ப் பொருத்தி, வேண்டும்போது தூக்கவும் வேண்டாதபோது தாழ்த்தவும் வழி செய்துவிட்டார். மெக்சிக்க வம்சாவளிக் குடும்பங்களின் ‘லோரைடர்’, அதாவது தரையை ஒட்டித் தாழ்த்திய கார்கள் குனிந்து நிமிர்வது இந்த வழியில் வந்ததுதான். பிள்ளைக்குச் சொத்தாக வரும் கார்களை ரசிக்க இவற்றைவிட நல்ல இடமில்லை.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஜெஸ்ஸி வலாடெஸ் வைத்திருந்த ‘ஜிப்சி ரோஸ்’ அப்படி ஒன்று. 1964 இம்பாலா. உடம்பெல்லாம் ரோஜாப் பூக்கள், உள்ளே இளஞ்சிவப்பு வெல்வெட். இதற்கு முன் 1963 இம்பாலா ஒன்றில் அவர் செய்த ஜிப்சி ரோஸைச் செங்கல் எறிந்து நாசம் செய்துவிட்டார்கள். அவர் வேறொரு காரில் மறுபடி ரோஜாக்களை மலர வைத்தார். 2011இல் அவர் போன பிறகு மகன் அதைக் காத்து வருகிறார். தகடு மாறியும் பெயரும் பூவும் தொடர்ந்த காரில், மகன் இனி எதை மாற்ற வேண்டும்? பூ உதிராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் எல்லாக் காரும் முடிந்த நிலையில் கைக்கு வருவதில்லை. வடக்கு நியூ மெக்சிகோவில் சிமாயோ என்ற சிற்றூரில் டேவ் என்கிற டேவிட் ஹராமியோ 1969 ஃபோர்டு எல்டிடி ஒன்றை லோரைடராக மாற்றிக்கொண்டிருந்தார். மனைவி ஐரீனும் கூட நின்றார். 1978இல் விபத்தில் டேவிட் இறந்துபோனார். கார் அரைகுறையாக நின்றது. அங்கே ‘தொடாதே’ என்பது மரியாதையாகாது. அவர் மனத்தில் வைத்திருந்ததை ஒட்டி வீட்டாரும் நண்பர்களும் வேலையை முடித்தார்கள். 1990இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் அதை வாங்கியது. வாஷிங்டன் போகிறவர்களுக்கு அதைக் காணும் வாய்ப்பு அமைந்தால், பக்கவாட்டில் நின்று கோட்டைப் பாருங்கள், வண்ணத்தைப் பாருங்கள், உள்ளே சிவப்பு வெல்வெட்டைப் பாருங்கள். எது டேவ் இருந்தபோது முடிந்தது, எது அவர் போன பிறகு மற்றவர்கள் முடித்தது என்று தேடிப் பாருங்கள். பெயர் மட்டும் நிச்சயமாக அவர் வைத்ததில்லை. வீட்டார் வைத்தது: டேவ்ஸ் ட்ரீம், டேவின் கனவு.