விண்வெளியில் குப்பை பொறுக்குவோர்: ‘பிளனெட்டெஸ்’ தொடர் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

விஞ்ஞானப் புனைகதை என்னும் வகை தோன்றிய காலந்தொட்டு விண்வெளிப் பயணம் அதன் தலையாய பொருள்களுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது. ஆயின், அப்பயணத்தின் சுமையைச் சுமப்போர் யாவர் என்ற வினாவை அவ்வகை அரிதாகவே எழுப்பியுள்ளது. கப்பற்றலைவர்கள், மேதைகள், போர்வீரர், அரசகுலத்தோர் ஆகியோரே அதன் மாந்தர். அவர்களது கலத்தைப் பழுது பார்ப்பவன் யார், அவன் பெறும் சம்பளம் எவ்வளவு, அவன் இறந்தால் குடும்பத்தின் கதி என்ன என்பன கதைக்குப் புறம்பானவையாகவே கொள்ளப்பட்டன. இன்று உலகெங்கும் ‘அனிமே’ என வழங்கப்படும் யப்பானியச் சித்திரத் தொடர்களும் இதற்குப் பெரிதும் விலக்கல்ல. 1974 இல் ஒளிபரப்பான ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’, 1945 இல் அமெரிக்க விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட போர்க்கப்பலை மீட்டெடுத்து விண்மீன்களிடையே செலுத்தியது. தோற்ற தேசமொன்றின் மனக்காயம் அதிற் புலப்படுகிறதேயன்றி உழைப்பவனின் முகம் புலப்படவில்லை.

இப்பின்னணியில் ‘பிளனெட்டெஸ்’ என்னும் தொடர் தனித்து நோக்கத் தக்கது. மகோட்டோ யுகிமுரா 1999 முதல் 2004 வரை ‘மோர்னிங்’ சஞ்சிகையில் எழுதி வரைந்த சித்திரக்கதையைத் தழுவி, சன்றைஸ் நிறுவனத்தின் தயாரிப்பில், கொரோ தனிகுச்சியின் நெறியாள்கையிலும் இச்சிரோ ஒகோச்சியின் எழுத்திலும் உருவான இது 26 அங்கங்களைக் கொண்டது. 2003 ஒக்டோபர் முதல் 2004 ஏப்பிரல் வரை என்.எச்.கே. எனப்படும் யப்பானிய ஒலிபரப்புக் கழகத்தின் செய்மதி அலைவரிசையில் ஒளிபரப்பாகியது. சித்திரக்கதை 2002 இலும் தொடர் 2005 இலும் யப்பானிய விஞ்ஞானப் புனைகதை அன்பர்களின் செய்யுன் விருதைப் பெற்றன. தலைப்பு, ‘அலைந்து திரிவோர்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்.

கதை நிகழும் ஆண்டு 2075. சந்திரனில் நகரங்கள் எழுந்துவிட்டன. அங்கிருந்து அகழப்படும் ஹீலியம்-3 புவியின் சக்தித் தேவையை நிறைவு செய்கிறது. ஆயின் கதை மாந்தர் அச்சுரங்கங்களின் உடைமையாளர் அல்லர். புவியைச் சுற்றி மிதக்கும் பழைய செய்மதிகளின் உடைவுகளையும், கழன்ற ஆணிகளையும், கைவிடப்பட்ட ரொக்கற் பகுதிகளையும் பொறுக்கி அகற்றுவதே அவர்களது தொழில். அவர்களது கலத்தின் பெயர் ‘பொம்மைப் பெட்டி’.

இக்குப்பை வெறுங் கற்பனையன்று. தாழ்ந்த சுற்றுப்பாதையிற் பொருள்கள் செக்கனுக்கு 7 முதல் 8 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றன. அவ்வேகத்தில் ஒரு சிறு திருகாணியும் துப்பாக்கிக் குண்டினும் கொடியது. மோதல்களாற் சிதறும் துண்டுகள் மேலும் மோதல்களை விளைவித்து, ஈற்றிற் புவியைச் சுற்றிச் சிதைவுகளின் வளையமொன்று உருவாகக் கூடும் என்பதை 1978 இலேயே நாசாவைச் சேர்ந்த டொனால்ட் கெஸ்லரும் பேட்டன் கூர்-பலேயும் எடுத்துக் காட்டினர். தொடர் ஒளிபரப்பாகி ஐந்தாண்டுகள் கழியுமுன், 2009 பெப்ரவரி 10 ஆம் திகதி, செயலிழந்த ரஷ்யச் செய்மதியான கொஸ்மொஸ் 2251, இயங்கிக்கொண்டிருந்த அமெரிக்கச் செய்மதியான இரிடியம் 33 உடன் சைபீரியாவுக்கு மேலே மோதிச் சிதறியது. அதற்கு முன்னர் 2007 இற் சீனாவும், பின்னர் 2019 இல் இந்தியாவும் 2021 இல் ரஷ்யாவும் தத்தம் செய்மதிகளைத் தாமே ஏவுகணையால் உடைத்துச் சோதனை நடத்தின. கதாசிரியர் அஞ்சியதை அரசுகள் ஆற அமரச் செய்துகொண்டிருக்கின்றன.

கலத்தில் பணிபுரியும் யூரி என்னும் ரஷ்யனின் மனைவி அத்தகைய ஒரு திருகாணியாலேயே மாண்டவள். பயணிகள் கலமொன்றைச் சிதைவு தாக்கியபோது அவள் இறக்க, அவன் பிழைத்தான். அவளது திசையறி கருவியைத் தேடியே அவன் இத்தொழிலுக்கு வந்தான். பத்தாம் அங்கத்தில் அது கிடைக்கிறது. அவனுக்காக அவள் அதில் எழுதிய சிறு வேண்டுதலும் கிடைக்கிறது. இவ்வளவு பெரிய துயரை இத்தனை அடக்கத்துடன் சொன்ன தொலைக்காட்சித் தொடர்கள் சிலவே.

எனினும் தொடரின் உண்மையான சாதனை பிறிதோரிடத்தில் உள்ளது. ‘டெக்னோரா’ என்னும் பெருங் கம்பனியின் அலுவலகத்தை அது விண்வெளியில் நிறுவியிருக்கும் முறையையே குறிப்பிடுகிறேன். சிதைவகற்றும் பிரிவு இலாபம் ஈட்டுவதில்லை. தேவையான ஆட்களிற் பாதியே அங்குள்ளமையால் ஏனைய ஊழியர் அதனை ‘அரைப் பிரிவு’ என ஏளனஞ் செய்கின்றனர். மேலாளர் ஓய்வூதியத்தை எதிர்நோக்கி நாளைக் கடத்துபவர். உதவி மேலாளர் லாவி என்னும் இந்தியர் மேலதிகாரிகளைக் களிப்பூட்டக் கோமாளிக் கூத்துகள் ஆடுபவர். அவருக்கு ஏழு பிள்ளைகள். இது தெரிந்த பின் அக்கோமாளித்தனத்தைக் கண்டு முன்போற் சிரிக்க முடிவதில்லை. எடெல்கார்ட் என்னும் பெண் தற்காலிக ஊழியர். பேசாது வேலை செய்பவள். கதாநாயகன் ஹச்சிமக்கி சொந்தமாக ஒரு விண்கலம் வாங்கக் கனவு காண்கிறான், ஆனால் அவன் வாழ்வு தவணைகளிலும் மேலதிக வேலையிலும் கழிகிறது. தனாபே என்னும் புதிய பெண் ஊழியர் இவ்வுலகினுட் புகும்போது அவளோடு நாமும் புகுகிறோம்.

மூலச் சித்திரக்கதையில் இவ்வலுவலகம் இல்லை என்பது மனங்கொள்ளத் தக்கது. மேலாளர், லாவி, எடெல்கார்ட், பின்னர் நாம் நோக்கவிருக்கும் கிளேர் ஆகியோர் தொடருக்கெனப் படைக்கப்பட்டவர்கள். யுகிமுராவின் படைப்பில் மனிதன் பிரபஞ்சத்தின் முன் தனித்து நிற்கிறான். அவனது வினா தத்துவ வினா. தனிகுச்சியும் ஒகோச்சியும் அம்மனிதனைச் சம்பளப் பட்டியலிற் சேர்த்தனர். அதனாலேயே வினாவும் சமூக வினாவாயிற்று. தழுவல் என்பது மூலத்தைப் பிரதிபண்ணுவதன்று என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை.

வடிவம் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். வெற்றிடத்தில் ஒலி பரவாது என்ற பாடசாலைப் பாடத்தை இத்தொடர் மதிக்கிறது. கலத்துக்கு வெளியே வேலை நடக்கும்போது மூச்சும் வானொலிக் குரலுமே கேட்கின்றன. மோதல்கள் மௌனமாக நிகழ்கின்றன. அம்மௌனம் எந்த இடிமுழக்கத்தையும் விட அச்சந் தருகிறது. நம்மில் பெரும்பாலோர் இதனை ஒளிபரப்பிற் கண்டோரல்லர். ஆங்கில உபதலைப்புகளுடன் கூடிய இறுவட்டுகளின் வழியே அறிந்தோர். வாரமொருமுறை அரைமணி நேரம் பார்ப்பதற்கென அமைந்த படைப்பை மூன்று நான்கு இரவுகளிற் பார்த்து முடிக்கையில் அதன் குறைகள் உருப்பெருத்துத் தோன்றுகின்றன. முற்பாதியின் நகைச்சுவைகள், குறிப்பாகச் சந்திரனில் நிஞ்சா வேடமிடுவோர் பற்றிய அங்கம், பொறுமையைச் சோதிப்பவை. ஆயினும் வீட்டில் வைத்திருக்கும் வட்டில் முன்னைய அங்கத்துக்கு மீண்டு செல்லும் வசதியுண்டு. இத்தொடர் அவ்வாறு மீண்டு செல்வோருக்குக் கைம்மாறு செய்கிறது. பதினோராம் அங்கத்தை முடிவைப் பார்த்த பின் மறுபடி பார்ப்போர் அதனை உணர்வர்.

‘எல்லைக்கோடு’ எனத் தலைப்பிட்ட அவ்வங்கமே தொடரின் உச்சம் என்பது என் கருத்து. எல் தானிக்கா என்னும் கற்பனையான ஏழை நாட்டிலிருந்து தெமாரா என்னும் பொறியியலாளன் வருகிறான். தன் நாட்டின் சிறிய தொழிற்சாலையில் உருவான விண்வெளி உடையொன்றைச் சுமந்து வந்துள்ளான். அதனைச் சோதித்துப் பார்க்குமாறு மட்டுமே கேட்கிறான். நாட்டின் பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே கம்பனி அவனைத் தட்டிக் கழிக்க முனைகிறது. அவனைத் திருப்பியனுப்ப முற்படும் கிளேர், தானும் அந்நாட்டிற் பிறந்து சிறு வயதிற் புலம்பெயர்ந்து, கல்வியாலும் கடும் உழைப்பாலும் மேலே வந்தவள். தான் விட்டுவந்த வறுமை தன் மேசைக்கு முன்னால் வந்து நிற்பதை அவளாற் பொறுக்க முடியவில்லை. இவ்வொரு சந்திப்பில் எத்தனை வாழ்க்கை வரலாறுகள் அடங்கியுள்ளன என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. அரைப் பிரிவினர் உடையைச் சோதிக்கின்றனர், அது தேறுகிறது. அவ்வேளையில் அவனது நாட்டிற் போர் மூள்கிறது. பாதுகாப்பு உத்தியோகத்தர் அவனைக் கொண்டுசெல்ல வருகின்றனர். செல்லுமுன் அவன் மேலேயிருந்து புவியைப் பார்க்கிறான். எல்லைக்கோடுகள் எங்கும் தெரியவில்லை.

விண்வெளியிலிருந்து நாட்டெல்லைகள் தெரிவதில்லை என்பது விண்வெளி வீரர் பலர் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாசகம். வல்லரசின் வீரன் அதனைக் கூறுகையில் அது பெருந்தன்மையாக ஒலிக்கிறது. கைது செய்யப்படவிருக்கும் ஏழை நாட்டான் அதனை உணர்கையில் அது குற்றச்சாட்டாகிறது. கோடுகள் நிலத்தில் இல்லாதிருக்கலாம். அவனை அழைத்துச் செல்வோரின் சீருடையில் அவை இருக்கின்றன.

இங்கே வரலாற்றை ஒரு கணம் நினைவு கூரலாம். 1967 ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம், விண்வெளியின் ஆய்வும் பயன்பாடும் எல்லா நாடுகளினதும் நன்மைக்காகவே அமைதல் வேண்டுமெனப் பிரகடனஞ் செய்தது. 1976 இல் மத்திய கோட்டை அண்டிய நாடுகள் சில, கொலம்பியாவின் தலைநகரான பொகொட்டாவிற் கூடி, தம் நிலப்பரப்புக்கு மேலேயுள்ள புவிநிலைச் சுற்றுப்பாதைப் பகுதி தமக்கே உரியதெனக் கோரின. சட்ட நோக்கில் அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஆயின் முந்தி வந்தவனுக்கே இடம் என்ற வழக்கு யாருக்கு வாய்ப்பாகும் என்ற அவர்களது கேள்வி பொருளற்றதன்று. தொடரில் ஹக்கீம் என்பவனும் அவன் சார்ந்த ‘விண்வெளிப் பாதுகாப்பு முன்னணி’யும் எழுப்பும் வினா இதுவே. புவியில் மக்கள் பட்டினி கிடக்க, வியாழனின் வளங்களைத் தேடிப் பிரமாண்டமான கலம் அனுப்புவது யாருடைய நலனுக்காக? ஹக்கீமின் வழி குண்டுவைப்பு. அதனைத் தொடர் மூடி மறைக்கவில்லை. ஆனால் அவனை வெறும் கொடியவனாக்கித் தப்பித்துக்கொள்ளவும் இல்லை. அரைப் பிரிவுக்குத் தள்ளப்பட்ட கிளேர் ஈற்றில் அவன் பக்கம் சேர்வது, தெமாராவைச் சந்தித்த அந்நாளிலேயே விதைக்கப்பட்டது.

அக்கலத்தின் பெயர் ‘வொன் பிறவுண்’. இப்பெயரைக் கதாசிரியர் காரணமின்றித் தெரிவு செய்தார் எனக் கொள்ள முடியவில்லை. சந்திரப் பயணத்துக்கான சற்றேண் ரொக்கற்றை உருவாக்கிய வேணர் வொன் பிறவுண், அதற்கு முன் நாசி ஜேர்மனிக்காக வி-2 ஏவுகணையை ஆக்கியவர். அவ்வேவுகணைகள் நிலத்தடித் தொழிற்சாலையில் மிற்றெல்பௌ-டோரா வதைமுகாம் கைதிகளின் உழைப்பால் உருவாகின. அம்முகாம் தொகுதிக்குக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 60,000 பேரில் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர். தொடரில் வியாழன் திட்டத்தின் தலைவனான லொக்ஸ்மித், இயந்திரச் சோதனையொன்றில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் மடிந்த பின்னரும் வருந்தாது, அடுத்த முறை வெற்றி உறுதி என்ற பொருள்படப் பேசுகிறான். படைப்பு அவனைக் கண்டிப்பதுமில்லை, போற்றுவதுமில்லை. இந்நடுநிலை முதிர்ச்சியா, அன்றி ஒதுங்கிக்கொள்ளலா என்பது விவாதத்துக்குரியது. நான் இரண்டாவதன் பக்கமே சாய்கிறேன். ஏனெனில் கதாநாயகன் ஈற்றில் ஏறிச் செல்வது அக்கலத்திலேதான்.

தொடரின் அடிப்படைப் பலவீனம் இவ்விடத்திலேயே வெளிப்படுகிறது. தனாபேயின் முதற்பெயரான ‘அய்’ என்பதன் பொருளே அன்பு. தொடர் முழுதும் அன்பே தீர்வு என்று கூறித் திரிபவள் அவள். சந்திரத் தரையில் காயமுற்ற கிளேரைச் சுமந்து நடக்கையில் அவளுக்கு ஒட்சிசன் குறைகிறது. கிளேரின் ஒட்சிசனை எடுத்தால் தான் பிழைக்கலாம் என்ற நிலை வருகிறது. அவள் கை அதனை நோக்கி நீளும் அக்கணம் மிக நேர்மையான படைப்புக் கணம். தன் போதனைக்கு விலை உண்டென்பதை அவள் அங்கேயே அறிகிறாள். இதுவரை சரி. ஆனால் இரு தனிமனிதரிடையே மெய்யாகும் இவ்வன்பை, எல் தானிக்காவுக்கும் வல்லரசுகளுக்கும் இடையிலுள்ள பகைக்கும் மருந்தாகத் தொடர் நீட்டும்போது அது தாங்குவதில்லை. கலத்தைக் கைப்பற்ற எழுந்த மோதல் திரைமறைவுப் பேரத்தால் அடங்க, நமது கவனம் ஹச்சிமக்கி-தனாபே திருமணத்தின்பாற் திருப்பப்படுகிறது. அவன் ஏழாண்டுப் பயணத்துக்குப் புறப்படுகிறான், அவள் காத்திருக்கிறாள். தனிமனிதனின் தத்துவ வினாவுக்கு மூலச் சித்திரக்கதை கண்ட விடை அன்பு; அங்கே அது பொருந்தியது. அலுவலகத்தையும் அகதியையும் பொறியியலாளனையும் புதிதாகக் கொண்டுவந்தோர், அவர்களுக்குரிய விடையைப் புதிதாகத் தேடாது பழைய விடையையே கையளித்துவிட்டனர்.

ஒரு கலைப்படைப்பு அரசியற் தீர்வை வழங்க வேண்டுமென எதிர்பார்ப்பது முறையா எனச் சிலர் வினவலாம். தீர்வு வேண்டுமென நான் கூறவில்லை. தான் எழுப்பிய வினாவைத் திறந்த நிலையில் விட்டுச் செல்லும் துணிவையே எதிர்பார்க்கிறேன். அத்துணிவு இப்படைப்பாளிகளிடம் இல்லாமலில்லை என்பதற்குச் சந்திரனிற் பிறந்த நொனோவே சாட்சி. குறைந்த ஈர்ப்பில் வளர்ந்தமையால் பன்னிரண்டு வயதிலேயே வளர்ந்த பெண்ணின் உயரமுடைய அச்சிறுமியின் உடல் புவிக்கு என்றுமே வர இயலாதது. அவள் வைத்தியர்களின் ஆய்வுப் பொருள். அவளுக்குத் தொடர் எந்த ஆறுதலையும் பொய்யாகப் புனைந்து கொடுக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே ஊரான அச்சாம்பல் நிறச் சமவெளியில் அவள் துள்ளி விளையாடுவதை மட்டும் காட்டுகிறது.