ஊர் வாயும் சுபமுடிவும்

காதல் நாவல்களை நம்மில் யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. எடுத்தாலும் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுவோம். நானும் அப்படித் தள்ளியவன்தான். ஆனால் அமெரிக்கச் சிற்றூர்களைக் களமாகக் கொண்டு இன்று குவியும் காதல் நாவல்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: ஊர் வம்பு. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஓர் அவக்கேடு. அதைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பும் ஒரு பெண். அவள் கடைத்தெருவில் கால் வைத்த அரைமணியில் ஊர் முழுக்கச் செய்தி. இந்த வம்பை இந்த நாவல்கள் என்ன செய்கின்றன என்று கேட்டுப் பார்க்கலாம்.

பெரும்பாலும் அதன் பல்லைப் பிடுங்கிவிடுகின்றன. ராபின் காரின் 'வர்ஜின் ரிவர்' (2007) வகையை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனை இழந்த நர்ஸ் ஒருத்தி லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வட கலிபோர்னியாவின் மலையூருக்கு வருகிறாள். ஊரார் கூடும் மதுக்கடையில் அவளைப் பற்றிப் பேச்சு. ஆனால் அந்தப் பேச்சுக்கு வெட்டும் கூர்மை இல்லை. அத்தை பாட்டிகளின் அக்கறையாக மாறி, அவளையும் கடைக்காரனையும் சேர்த்துவைக்கப் பார்க்கிறது. வம்பு இங்கே கலியாணத் தரகு. சிற்றூரில் வாழ்ந்த எவருக்கும் இது பொய் என்று தெரியும். ஆனால் சௌகரியமான பொய். பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரியாமல் நகரத்தில் வாழ்கிறவருக்குத் தன்னைப் பற்றிப் பேச நாலு பேர் இருப்பதே ஆறுதல்.

இதற்கு நேர் எதிராக நிற்பது கிரேஸ் மெடாலியஸின் 'பேட்டன் ப்ளேஸ்' (1956). அதைக் காதல் நாவல் என்று சொல்ல முடியாது. தேர்ந்த கலை என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அதில் வம்புக்கு விலை உண்டு. மணமாகாமல் பெற்ற மகளின் பிறந்த வருஷத்தைத் திருத்திவைத்துவிட்டு, ஊர் வாய்க்குப் பயந்தே ஒரு தாய் உறைந்துபோகிறாள். இன்னொரு பெண் தன்னைக் கெடுத்த மாற்றாந்தந்தையைக் கொல்கிறாள். மெடாலியஸ் முதலில் எழுதியது பெற்ற தந்தை என்றுதான். பதிப்பகத்தார் மாற்றச் செய்தார்கள். அவ்வளவு உண்மை அவர்களுக்கு ஆகவில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் அவர் குடியிருந்த கில்மன்டன் ஊர் அவரை ஜென்ம விரோதியாகப் பார்த்தது. வம்பை எழுதியவரே வம்பானார். 1964இல், 39 வயதில், குடியால் ஈரல் கெட்டு இறந்தார்.

இந்த இரண்டுக்கும் நடுவில், யோசிக்க வைக்கும் ஒரு நாவல் சூசன் எலிசபெத் ஃபிலிப்ஸின் 'ஐன்ட் ஷி ஸ்வீட்?' (2004). வழக்கமான சூத்திரத்தில் பழைய அவக்கேடு கடைசியில் பொய்யென்று தெரியவரும், நாயகி நிரபராதி. இங்கே ஷுகர் பெத் உண்மையிலேயே குற்றவாளி. பள்ளிப் பருவத்தில் ஓர் ஆசிரியர் மீது அபாண்டம் சொல்லி அவருடைய வேலையைப் பறித்தவள். 15 வருஷம் கழித்து மிஸிஸிப்பியிலுள்ள பாரிஷ் ஊருக்குக் கையில் காசில்லாமல் திரும்புகிறாள். அந்த ஆசிரியர் இப்போது பேர்போன எழுத்தாளர். அவள் பிறந்த வீட்டுக்குச் சொந்தக்காரர். அவளையே வேலைக்காரியாக அமர்த்தி, விருந்துக்கு வந்த ஊராருக்குப் பரிமாற வைக்கிறார். ஊர் ரசிக்கிறது. அந்த ரசனையின் குரூரத்தை ஃபிலிப்ஸ் மழுப்பாமல் எழுதுகிறார்.

இன்னொன்றையும் பார்த்திருக்கிறார். ஷுகர் பெத்தின் தகப்பனுக்கு அதே ஊரில் இன்னொரு குடும்பம் உண்டு. ஊருக்கே தெரியும். அவர் முதலாளி, ஆகவே ஊர் அவரை நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை. கணக்கைத் தீர்த்தவர்கள் இரண்டு தாய்களுக்குப் பிறந்த இரண்டு பெண்கள், ஒருத்தியை ஒருத்தி கடித்துக் குதறி. வம்பு தன் இரையைத் தேர்ந்தெடுத்துத்தான் பிடிக்கிறது என்ற இந்த அறிவு பொழுதுபோக்கு எழுத்தில் அபூர்வம்.

அதற்கப்புறம் நாவல் பின்வாங்கிவிடுகிறது. அவள் மன்னிப்புக் கேட்கிறாள், மன்னிக்கப்படுகிறாள், காதல் கைகூடுகிறது. ஊர் யாரிடம் மன்னிப்புக் கேட்டது?

நம்மிடம் இதற்கு ஒரு சொல் உண்டு: அலர். களவில் எழும் அலர் காதலர்களை நெருக்குகிறது, வரைவை நோக்கித் தள்ளுகிறது. மணம் நடந்ததும் பேசப் பொருளில்லாமல் அடங்குகிறது. அந்த அலருக்கு நினைவு கிடையாது. காரணம், அகத்தில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயரில்லாதவர்கள் மீது பழி எப்படி 15 வருஷம் ஒட்டிக்கொண்டிருக்கும்?

நாவல் பெயர் வைக்கிறது. தெரு, வீடு, தகப்பன் பெயர், வருஷம் எல்லாம் தருகிறது. அப்போதே அலர் வேறொன்றாகிவிடுகிறது. அதற்கு ஞாபகமும் வர்க்கமும் வந்துவிடுகின்றன. அதை ஒரு கலியாணத்தால் கரைக்க முடியாது. இந்தக் காதல் நாவல்கள் நாவலின் ஊரை எடுத்துக்கொண்டு அகத்தின் முடிவைக் கேட்கின்றன. மெடாலியஸுக்குக் கலை கைவரவில்லை. ஆனால் இந்தக் கணக்கு இப்படி முடியாது என்று தெரிந்திருந்தது. ஃபிலிப்ஸுக்கும் தெரிந்திருக்கிறது என்பதற்கு அந்த விருந்துக் காட்சி சாட்சி. தெரிந்ததைக் கடைசிப் பக்கம்வரை தெரிந்தே வைத்திருப்பதற்குத்தான் எழுத்தாளன் வேண்டும்.