கழற்றாமல் கண்டுபிடிப்பவர்கள்

கிளட்ச் கோளாறு என்று வண்டியைக் கொண்டுபோய் விட்டதும் ஜாக்கி வைக்கிற மெக்கானிக்கிடம் எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. சாவியை வாங்கி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சும்மா இருக்கிறாரே, அவரைத்தான் ரசிக்க வேண்டும்.

அந்தச் சும்மா இருத்தலுக்குக் காரணம் உண்டு. எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே, மூடிய கூட்டுக்குள் கிடக்கிறது கிளட்ச். அதைக் கண்ணால் பார்க்க கியர் பாக்ஸையே இறக்கியாக வேண்டும். மாருதி 800 மாதிரி முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் ஆக்சிலையும் உருவ வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலி கடிக்கும். ஆகவே கண்ணுக்கு இங்கே வேலையில்லை. காது, பாதம், உள்ளங்கை, மூக்கு இவைதான்.

முதலில் காது. வண்டி நியூட்ரலில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெடலில் கால் இல்லை. அடியிலிருந்து சில்வண்டு போல ஓர் இரைச்சல். பெடலை முழுக்க அழுத்தியதும் அது அடங்குகிறதா? அடங்கினால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மீது சந்தேகம். பெடல் மேலே இருக்கும்வரை அந்த ஷாஃப்ட் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும், அழுத்தினால் நின்றுவிடும். இதற்கு நேர்மாறாக, அமைதியாக இருந்த வண்டி பெடலை அழுத்தும்போது கரகரத்தால் ரிலீஸ் பேரிங். அதற்குப் பெரும்பாலும் பெடலை அழுத்தும்போதுதான் வேலை. ஒரு பெடல் மொத்த இயந்திரத்தையும் இரண்டாக வகுத்துக் காட்டிவிடுகிறது. இந்த எளிமைக்கு முன்னால் ஸ்கேனர் கருவியெல்லாம் எனக்குக் கொஞ்சம் ஆடம்பரமாகவே படுகிறது. ரிவர்ஸில் வரும் ஊளையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் அந்தக் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. அது அப்படித்தான் பாடும்.

அடுத்தது, கியர் விழ மறுக்கும் வண்டி. தேர்ந்தவர் எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்ப்பார். அணைத்த நிலையில் எல்லாம் வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. அணைத்தும் முரண்டு பிடித்தால் லிங்கேஜோ கியர் பாக்ஸின் உள்வேலையோதான். இதை உறுதிசெய்ய இன்னொரு நுட்பம்: கிளட்சை அழுத்தி மூன்று நான்கு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுவது. ரிவர்ஸுக்குப் பல வண்டிகளில், பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் ஒழுங்காக விட்டிருந்தால் அந்த அவகாசத்தில் ஷாஃப்ட் நின்றிருக்கும், கியர் சத்தமின்றி விழும். பொறுத்தும் ‘கர்ர்’ என்றால் கிளட்ச் இழுத்துக்கொண்டிருக்கிறது. பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் அடித்தால் சரியாகிறதென்றால் ஹைட்ராலிக்கில் காற்று புகுந்திருக்கலாம், மாஸ்டர் சிலிண்டர் வாஷரும் போயிருக்கலாம். கேபிள் வண்டியில் சில சமயம் அட்ஜஸ்ட்மென்ட் நட்டைத் திருகினாலே போதும். இந்த இடத்தில் கிளட்ச் பிளேட் மாற்றச் சொல்பவரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு கியர் மட்டும் உறுமினால் கதை வேறு. கிளட்ச் கெட்டிருந்தால் எல்லாக் கியரிலும் கொஞ்சமாவது தொல்லை இருக்கும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் உறுமுகிறதா, அங்கேதான் பழைய டபுள் கிளட்ச் கைகொடுக்கிறது. 1928-ல் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் வருவதற்கு முன் பெரும்பாலான ஓட்டுநர்கள் அப்படித்தான் ஓட்டினார்கள். பழைய அம்பாசிடரில் முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லாததால் நம் ஊர் டிரைவர்களுக்கும் அது கால்பழக்கம். நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்து, மறுபடி அழுத்தி இரண்டில் தள்ளினால் உறுமல் காணாமல் போகும். வேகங்களைச் சமன்செய்ய வேண்டிய சிங்க்ரோவின் பித்தளை வளையம் தேய்ந்துவிட்டது, அதன் வேலையைக் கால் செய்திருக்கிறது என்று பொருள். ஆனால் அதற்கும் முன்னால் கியர் பாக்ஸில் என்ன ஆயில் என்று கேட்பவரே கெட்டிக்காரர். ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றியிருந்தால், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சில வகைகளில் பித்தளையை அரிக்கும்.

கிளட்ச் ஸ்லிப்பைக் கண்டுபிடிப்பதில் பெரிய வித்தையில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டால் எஞ்சின் திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் பிடிக்கவில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஹாஃப் கிளட்சிலேயே ஏறுபவருக்கு இந்தச் சோதனைகூடத் தேவைப்படாது, மூக்கே சொல்லிவிடும்.

நான் மிகவும் ரசிப்பது கிளட்சை விடும்போது வரும் உதறலை ஆராய்கிற விதம். எண்ணெய் சீல் கசிந்து பிளேட் நனைந்திருக்கலாம், ஃப்ளைவீல் சூட்டில் கெட்டிருக்கலாம். ஆனால் அனுபவசாலி முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்லி, பிரேக்கை மிதித்தபடி கிளட்சை லேசாக விடச் சொல்வார். எஞ்சின் துள்ளிச் சாய்ந்தால், குற்றவாளி சில நூறு ரூபாய் எஞ்சின் மவுண்டிங் ரப்பராக இருக்க வாய்ப்புண்டு.

இத்தனை நுட்பத்துக்கும் மூலதனம் வண்டிக்காரர் சொல்லும் சேதிதான். அதனால் ஒர்க்‌ஷாப்பில் போய் “கிளட்ச் போயிடுச்சு, மாத்திடுங்க” என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். எந்தக் கியரில், வண்டி சூடான பிறகா காலையிலா, பெடல் மேலே இருக்கும்போதா கீழே இருக்கும்போதா என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு மெக்கானிக்கைக் கொஞ்ச நேரம் தனியாக ஓட்ட விடுங்கள்.